மை இருக்கிறது, எழுதத்தான் மாட்டேன் என்கிறது!

கேள்வி: நெய்வேலியை அடுத்த வடக்குத்தில் ஸ்டேஷனரி, ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேர் பள்ளிப் பிள்ளைகள். எல்லோரும் கேட்பது 0.5 ஜெல் பேனாதான். எழுத்து பொடியாக, அழகாக வருகிறது என்று ஆசையாக வாங்கிப் போகிறார்கள். நாலு நாள் கழித்து, “அக்கா, மை இருக்கு, எழுத மாட்டேங்குது” என்று திருப்பிக் கொண்டுவருகிறார்கள். பாவம் என்று சிலருக்கு மாற்றிக் கொடுக்கிறேன். பத்து ரூபாய்ப் பேனாவில் எனக்கு நிற்பதே ஒன்றிரண்டு ரூபாய்தான். சரக்கு போடுகிறவரைக் கேட்டால், “பிள்ளைங்க கீழே போட்டிருப்பாங்க” என்று முடித்துவிடுகிறார். என் மகள் இந்த வருஷம் பிளஸ் டூ. அவளுக்கு ஒரு ரீஃபில் ஒரு வாரம்கூடத் தாங்குவதில்லை. என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிறார். கார்பன் வைத்து எழுதினால் ஜெல் பேனா அடித்தாளில் விழவே இல்லை என்கிறார். குறை பேனாவிலா, பிள்ளைகளிடமா? எந்தப் பேனாவை வாங்கி வைக்கலாம்?

— வாசகி, வடக்குத்து

பதில்: உங்கள் கடைக்குத் திரும்பி வரும் பேனாக்களில் பெரும்பாலானவற்றில் நிறைய மை மிச்சமிருக்கும். மெல்லிய முனை ஜெல் பேனா மை தீர்ந்து ஓய்வது குறைவு. முனை அடிபட்டோ, உள்ளே காற்று புகுந்தோ பாதியிலேயே நின்றுவிடுவதுதான் அதிகம். ரீஃபில் தயாரிப்பில் தரச் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால் இதை உறுதியாகச் சொல்ல முடியும். சரக்கு போடுகிறவர் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதி அந்த முனையின் தரத்திலும், பேனா பிள்ளையின் கைக்கு வருவதற்கு முன் எங்கே எப்படிக் கிடந்தது என்பதிலும் இருக்கிறது.

திரும்பி வந்த பேனா ஒன்றை எடுத்து, உங்கள் செல்போன் கேமராவை நன்றாகப் பெரிதாக்கி முனையைப் பாருங்கள். நுனியில் மினுங்கும் உருண்டை தெரியும். 0.5 என்று பேனாவில் போட்டிருப்பது அந்த உருண்டையின் விட்டம், அதாவது அரை மில்லிமீட்டர். கோடு அதைவிட மெல்லியதாகத்தான் விழும், ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர். உருண்டை பெரும்பாலும் டங்ஸ்டன் கார்பைடில் செய்தது. உலோகம் கடையும் கருவிகளுக்குப் பயன்படுத்தும் பொருள் அது, லேசில் தேயாது. தேய்வதும் நசுங்குவதும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் உலோகக் குழிதான். உருண்டை வெளியே விழாமலிருக்க குழியின் விளிம்பை மெல்லியதாக உள்பக்கம் மடித்திருப்பார்கள். அந்த விளிம்புக்கும் உருண்டைக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் அதில் சில கூறுகள்தான். மை வருவது அந்தச் சந்து வழியாகத்தான்.

பேனா பெஞ்சிலிருந்து சிமெண்ட் தரையில் தலைகுப்புற விழுகிறது என்று வையுங்கள். அதன் எடை முழுவதும் அந்த மடிப்பின் மேல் இறங்குகிறது. விளிம்பு ஒருபக்கம் உள்ளே அழுந்தினால் உருண்டை இறுகிக்கொள்ளும், எழுதாது. வெளியே விரிந்தால் மை ஒழுகும், திட்டுத்திட்டாக விழும். சில சமயம் ஒரு திசையில் கோடு வரும், எதிர்த்திசையில் வராது. “மேலே இழுத்தா எழுதுது, கீழே இழுத்தா எழுதல” என்று ஒரு பிள்ளை சொன்னால் வேறு சோதனை தேவையில்லை, விளிம்பு கோணிவிட்டது. முனை மெல்லியதாக ஆக இந்த ஆபத்து கூடும். 0.7 தாங்கிவிடும் அடியை 0.5 தாங்காது, 0.38 சுத்தமாகத் தாங்காது.

இந்த முனை எவ்வளவு கடினமான வேலை என்பதற்குச் சீனாவைப் பாருங்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 கோடி பேனாக்கள் செய்த நாடு அது. ஆனால் முனைக்கான உருக்கைப் பெரும்பாலும் ஜப்பான் போன்ற நாடுகளிலிருந்துதான் இறக்குமதி செய்துகொண்டிருந்தது. அந்நாட்டுப் பிரதமராக இருந்த லீ கச்சியாங் இதைப் பொதுவெளியிலேயே ஆதங்கத்தோடு பேசினார். தையுவான் உருக்காலை 2.3 மில்லிமீட்டர் கம்பியாக அந்த உருக்கைத் தயாரித்துவிட்டது என்ற செய்தி வந்தது 2017 ஜனவரியில்தான். ராக்கெட் விட்ட நாட்டுக்கே பேனா முனை இவ்வளவு காலம் பிடித்தது. அப்படிப்பட்ட பொருளைப் பத்து ரூபாய்க்கும் ஐந்து ரூபாய்க்கும் விற்கிறோம். அந்த விலைக்குள் எங்கோ ஒரு இடத்தில் தரத்தைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். மலிவுப் பேனாக்களில் முதலில் குறைவது முனைதான். வெளியே பளபளக்கும் உடம்பும் ரப்பர் பிடியும் கண்ணுக்குத் தெரிகின்றன, முனை தெரிவதில்லை.

நம் விருதுநகர் மாவட்டத்துச் சாத்தூரில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு என்று சொல்லுமளவுக்குப் பேனா நிப்பு செய்தார்கள். நிப்பு வளைந்தால் நகத்தால் நிமிர்த்தலாம், கால் பிரிந்தால் சேர்க்கலாம், முடியாவிட்டால் நிப்பை மட்டும் மாற்றலாம். பந்துமுனைப் பேனா, அதாவது பால்பாயிண்ட், வந்து அந்தத் தொழிலை நசுக்கிவிட்டது. ஜெல் முனைக்குப் பழுது பார்ப்பு என்று ஒன்று கிடையாது. விளிம்பு போனால் போனதுதான். சாத்தூர் நிப்பைப் பிடித்து வளர்ந்த என் போன்றவர்களுக்கு இது இன்னும் வருத்தம் தருகிற விஷயம்.

இனி மைக்கு வருவோம். சாதாரணப் பால்பாயிண்ட் பேனாவில் இருப்பது எண்ணெய்ப் பசை. ஜெல் பேனாவில் இருப்பது தண்ணீர் அடிப்படையிலான மை. ஜப்பானின் ஒசாகா நகரத்து சகுரா நிறுவனம் 1984-இல் இதை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. கிரேயான் செய்துகொண்டிருந்த நிறுவனம் அது. தண்ணீரில் நிறத்துகளைக் கலந்தால் துகள் அடியில் படிந்துவிடும். படியாமல் மிதக்கவைக்க ஒரு கெட்டிப்பொருள் தேவைப்பட்டது. முட்டையின் வெள்ளைக்கரு, துருவிய கிழங்கு என்று என்னென்னவோ கலந்து பார்த்த பிறகு, உணவுப் பொருள்களில் சேர்க்கும் சாந்தன் பிசின் கைகொடுத்தது. கெட்டித்தயிரைக் கரண்டியால் கலக்கினால் இளகுகிறதே, அந்தக் குணம்தான் இந்த மைக்கும். குழாயில் சும்மா இருக்கும்போது கெட்டியாக நிற்கும். உருண்டை சுழலும்போது இளகி வழுக்கிக்கொண்டு வரும். தாளில் இறங்கியதும் மறுபடி கெட்டிப்படும். அதனால்தான் கையை அழுத்தாமலே அழுத்தமான நிறத்தில் எழுதுகிறது.

இந்தக் குணத்தோடு ஒரு பலவீனமும் சேர்ந்தே வருகிறது. ரீஃபிலின் பின்முனையில், மைக்கு மேலே நிறமில்லாத கிரீஸ் ஒன்று கொஞ்சம் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மை காயாமலும் பின்பக்கம் வழியாமலும் அடைப்பது அதுதான். மை குறையக் குறைய அதுவும் கூடவே இறங்கும். முனை வழியாகக் காற்று உள்ளே போய்விட்டால், கெட்டியான மை தானாக இறங்கி அந்த இடத்தை நிரப்பாது. நடுவில் ஒரு வெற்றிடம் நிற்கும். அவ்வளவுதான், மை குழாயில் நிறைய இருந்தும் உருண்டைக்கு எட்டாது. முனை மேலே பார்க்கச் சட்டைப் பையிலோ டம்ளரிலோ குத்திவைக்கும் பேனா, சுவரிலோ நிமிர்த்திப் பிடித்த அட்டையிலோ மல்லாக்க எழுதிய பேனா, மூடி போடாமல் கிடந்த பேனா, மூன்றுக்கும் இதுவே கதி.

மூடியின் உச்சியில் ஓட்டை இருப்பதால்தான் மை காய்கிறது என்று உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். அந்த ஓட்டை குழந்தைகளுக்காக வைத்தது. தவறிப்போய் விழுங்கி மூடி தொண்டையில் சிக்கினாலும் மூச்சு போய்வர வேண்டும் என்பதற்காக. மூடிக்குள் இருக்கும் சிறு உள்மூடிதான் முனையைக் காக்கிறது. மூடியைச் சொடக்குச் சத்தம் கேட்கும்வரை அழுத்தினால் போதும்.

ஆக, கடை மேசையிலேயே ஒரு நிமிஷத்தில் நோயைக் கண்டுபிடிக்கலாம். முதலில் ரீஃபிலை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். நடுவில் இடைவெளி தெரிந்தால் காற்று. மை முழுசாக இருந்து, முனையில் சின்னதாக மெழுகுப் பொட்டு ஒட்டியிருந்தால் அது புதுப் பேனாவின் பாதுகாப்பு உறை, யாரும் எடுக்கவில்லை, அவ்வளவுதான். விளிம்பு நசுங்கியிருந்தால் விழுந்த பேனா. விளிம்பு சுத்தமாக இருந்து, இடைவெளியும் இல்லாமல், புதிதாக இருக்கும்போதே விட்டுவிட்டு எழுதினால் அதைத் தயாரிப்புக் குறை என்று சந்தேகமில்லாமல் சொல்லலாம். அதைத்தான் நீங்கள் சரக்கு போடுகிறவரிடம் திருப்பித் தர வேண்டும்.

பிள்ளைகள் செய்யும் வைத்தியங்களில் சில பேனாவையே கொன்றுவிடும். தீக்குச்சி நெருப்பில் முனையைக் காட்டுவது பால்பாயிண்ட் காலத்துப் பழக்கம். எண்ணெய்ப் பசை சூட்டில் இளகும், சில நேரம் பலிக்கும். ஜெல் மையில் இருப்பது தண்ணீர். நெருப்பில் காட்டினால் முனைக்குள் இருக்கும் மை காய்ந்து அங்கேயே அடைத்துக்கொள்ளும், பிளாஸ்டிக் குழாயும் உருகும். பின்பக்கம் வாயை வைத்து ஊதுவதும் வேண்டாம், அந்தக் கிரீஸ் அடைப்பு உடைந்துவிடும். காற்றுப் புகுந்த ரீஃபிலுக்கு ஒரு வழி உண்டு. முனை வெளிப்பக்கம் பார்க்க ரீஃபிலைத் துணியில் சுருட்டி, துணியின் மறுநுனியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வேகமாகச் சுழற்ற வேண்டும். மை முன்னே தள்ளப்பட்டு இடைவெளி மூடிக்கொள்ளும். முனையில் காய்ந்த மை மட்டும்தான் பிரச்சினை என்றால் ஈரத்துணியில் ஒற்றி எடுத்து, சொரசொரப்பான தாளில் வட்டம் வட்டமாகக் கிறுக்கினால் திறந்துகொள்ளும். இரண்டுக்கும் மசியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

உங்கள் கடையையும் ஒருமுறை பாருங்கள். ரோட்டோரம், வெயில் படுகிற இடத்தில், கண்ணாடி ஜாடியில் முனை மேலே பார்க்க நிறுத்திய பேனாக்கள் இருக்கின்றனவா? பெரும்பாலான கடைகளில் அப்படித்தான் இருக்கும், பார்வைக்கு அழகு என்று. சித்திரை வைகாசி வெயிலில் அந்த ஜாடிக்குள் ஏறும் சூட்டில் மையின் தண்ணீர் சிறுகச் சிறுகப் போகும். பிள்ளை வாங்குவதற்கு முன்பே பாதி ஆயுள் முடிந்திருக்கும். பேனாவைப் படுக்கவைத்தோ முனை கீழே பார்க்கவோ, நிழலில், மூடிய டப்பாவில் வையுங்கள். நெய்வேலிப் பக்கத்தில் காற்றோடு வரும் கரித்தூசியையும் சாம்பலையும் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எழுதிப் பார்க்க ஒரு பேனாவைத் திறந்தே போட்டிருந்தால் அந்தத் தூசி உருண்டையைச் சுற்றி ஒட்டி, உள்ளே போய் அரைக்கும். எழுதிப் பார்த்ததும் மூடிவிடுங்கள். இன்னொன்று, பெட்டியின் மேல் தயாரித்த மாதமும் ஆண்டும் அச்சிட்டிருப்பார்கள், அது சட்டப்படி கட்டாயம். ஜெல் மைக்கு வயது உண்டு. இரண்டு வருஷத்துக்கு மேல் பழைய சரக்கு என்றால் வாங்காதீர்கள். பழைய பெட்டியை முதலில் விற்று முடியுங்கள்.

மகளின் ரீஃபில் ஒரு வாரம் தாங்கவில்லை என்கிறீர்கள். இதில் பேனாவைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரண அளவில் எழுதிய ‘ண’ ஒன்றின் மேல் நூலை வைத்து வளைத்து அளந்து பாருங்கள், மூன்று நான்கு சென்டிமீட்டர் வரும். ‘ட’, ‘ப’ எல்லாம் ஒன்றிரண்டில் முடியும். சராசரி இரண்டு என்றால், வரிக்கு 25 எழுத்து, பக்கத்துக்கு 24 வரி, ஒரு பக்கத்துக்கு 12 மீட்டர் கோடு போகிறது. ஒரு ஜெல் ரீஃபில் பொதுவாக 500 மீட்டரிலிருந்து 1000 மீட்டருக்குள் எழுதும். 600 மீட்டர் என்று வைத்தால் 50 பக்கம். பிளஸ் டூ பிள்ளை பாடக் குறிப்பு, வீட்டுப்பாடம், மாதிரித் தேர்வு என்று நாளுக்குப் பத்துப் பக்கம் எழுதினால் ஐந்து நாள். உங்கள் மகளின் ரீஃபில் முழு ஆயுளும் வாழ்ந்துதான் தீர்கிறது. அது அவள் உழைப்பின் அளவு. பால்பாயிண்ட் இந்தக் கணக்கில் எங்கோ இருக்கிறது. சாதாரண ரீஃபிலே ஒன்றரை கிலோமீட்டரைத் தாண்டும். ஃப்ளேர் நிறுவனத்தின் ரைட்டோமீட்டர் பேனா 10,000 மீட்டர் என்று சொல்லியே விற்கப்படுகிறது.

அதனால் வீட்டில் எழுதிப் பார்க்கும் ரஃப் வேலைக்கெல்லாம் பால்பாயிண்டைக் கொடுங்கள். ஜெல் பேனா மாதிரித் தேர்வுக்கும் ரெக்கார்டு நோட்டுக்கும் போதும். ஆனால் பொதுத் தேர்வுக்குச் சில வாரம் முன்பிருந்தே தேர்வில் எழுதப்போகும் பேனாவோடு கை பழகட்டும். தேர்வு அன்று காலையில் புதுப் பேனாவைப் பிரிக்கக் கூடாது. முந்தின நாள் ஒரு பக்கமாவது எழுதிப் பார்த்த பேனாக்களாக மூன்று கொண்டுபோகட்டும். நீலமோ கறுப்போ மையால் எழுத வேண்டும் என்றுதான் வினாத்தாளில் போட்டிருக்கும், படத்துக்குப் பென்சில். ஜெல் கூடாது என்ற விதி இல்லை.

அவள் அழுத்தி எழுதுகிறாளா என்று பாருங்கள். எழுதிய தாளின் பின்பக்கத்தை விரலால் தடவினால் எழுத்து புடைத்து நெருடுகிறதா? நெருடினால் பால்பாயிண்டில் பழகிய கை. ஜெல் பேனாவுக்கு அந்த அழுத்தம் வேண்டவே வேண்டாம். அழுத்தினால் குழியின் விளிம்பு தேயும், மை தேவைக்கு மேல் இறங்கும், விரலும் மணிக்கட்டும் வலிக்கும். மூன்று மணி நேரத் தேர்வில் கடைசி அரைமணி நேரத்தில் கையெழுத்து கெடுவதற்கு இதுதான் காரணம். பேனாவைக் கொஞ்சம் நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். ரொம்பச் சாய்த்தால் மெல்லிய முனையில் உருண்டைக்குப் பதில் விளிம்பு தாளில் உரசும். கரகரவென்று சத்தம் வருவது அதனால்தான்.

மெல்லிய முனை தமிழுக்கு நல்லது என்பது என் உறுதியான எண்ணம். ‘ணை’, ‘ஞா’, ‘ழு’ என்று சுழிகள் நிறைந்த எழுத்து நம்முடையது. 0.7 ஜெல்லில் பொடியாக எழுதினால் சுழியின் கண் அடைந்துபோகும். திருத்துகிறவருக்கு ‘ன’வும் ‘ண’வும் ஒன்றாகத் தெரியும். 0.5-இல் சுழி திறந்து நிற்கும். அதற்கும் கீழே 0.38, 0.3 என்று போவது ஜப்பானியருக்குப் பொருந்தும். சின்னக் கட்டத்துக்குள் பத்துப் பதினைந்து கோடு போட்டு எழுதுகிறவர்கள் அவர்கள், நல்ல வழுவழுப்பான தாளும் அங்கே எளிதாகக் கிடைக்கிறது. நம் பள்ளி நோட்டில் அந்த முனை ஓடும்போது தாளின் நாரைக் கிளறி எடுத்துக்கொண்டு அடைத்துக்கொள்ளும். நோட்டு வாங்கும்போது அட்டைப் படத்தைப் பார்க்காமல் உள்தாளைப் பாருங்கள். 54 ஜிஎஸ்எம் தாளில் ஜெல் மை பின்பக்கம் தெரியும், 60-க்கு மேல் போனால் தேவலை, 70 என்றால் நிம்மதி. மழைக்காலத்தில் நமத்த தாளில் எந்த ஜெல் பேனாவும் கொஞ்சம் ஊறத்தான் செய்யும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும். டிஎன்பிஎஸ்சி எழுதப்போகிறேன் என்று யார் வந்தாலும் ஜெல் பேனா கொடுக்காதீர்கள். விடைத்தாளில் வட்டத்தை நிரப்பக் கறுப்புப் பந்துமுனைப் பேனா மட்டுமே என்பது தேர்வாணையத்தின் விதி. ஜெல் மை ஈரமாகப் பரவி அடுத்த வட்டத்தில் இழுபட்டால் கருவி அதையும் விடையாக எடுத்துக்கொள்ளக்கூடும். நீட் தேர்வில் பந்துமுனைப் பேனாவை மையத்திலேயே கொடுத்துவிடுகிறார்கள்.

2019 செப்டம்பர் 1 அன்று நடந்த குரூப் 4 தேர்வை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதிய சிலர், சில மணி நேரத்தில் மறைந்துவிடும் மையால் விடைகளைக் குறித்திருந்தார்கள். பிறகு இடைத்தரகர்கள் அதே தாள்களில் சரியான விடையை நிரப்பினார்கள். 2020 ஜனவரியில் 99 பேரைத் தேர்வாணையம் வாழ்நாள் முழுவதும் தேர்வெழுதத் தடை செய்தது. இரவும் பகலும் படித்த லட்சக்கணக்கான பிள்ளைகளின் நம்பிக்கையை ஒரு பேனாவை வைத்து உடைத்தார்கள். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கொதிக்கிறது.

அழிக்கக்கூடிய ஜெல் பேனா என்று நல்ல நோக்கத்தோடு செய்தவையும் சந்தையில் உண்டு. பைலட் நிறுவனத்தின் ஃபிரிக்ஷன் அப்படிப்பட்டது. பேனாவின் பின்பக்க ரப்பரால் தேய்த்தால் உண்டாகும் சூட்டில் நிறம் மறையும். ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸ் அதன் எல்லை. உங்கள் கடைக்கு இது முக்கியம். அந்த மையில் எழுதிய அட்டையை யாராவது லேமினேஷன் செய்யக் கொடுத்தால், இயந்திரத்திலிருந்து வெள்ளைத்தாளாக வெளியே வரும்! எழுதிய தாளின் மறுபக்கத்தில் பிரிண்ட் எடுத்தாலும் அதே கதை, இயந்திரத்தின் சூட்டு உருளை அழித்துவிடும். எதில் எழுதினீர்கள் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். விண்ணப்பம், கையெழுத்து, தேர்வு எதற்கும் அந்தப் பேனா ஆகாது என்று சொல்லியே விற்க வேண்டும்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வது முழுக்கச் சரி. கார்பன் பிரதி விழ அழுத்தம் வேண்டும். ஜெல் பேனா அழுத்தம் இல்லாமல் எழுதப் பிறந்தது. அழுத்தினாலும் அடித்தாளில் மங்கலாகத்தான் விழும், இரண்டே நாளில் முனை போய்விடும். கெட்டியான 0.7 பால்பாயிண்ட், அதுவும் அமுக்கி மூடும் வகை அவருக்கு ஏற்றது. தூசியில் வேலை, மூடி தொலையாது, ஒரு கையாலேயே திறக்கலாம்.

காலத்துக்கும் நிற்க வேண்டிய எழுத்துக்கு நல்ல ஜெல் பேனாவைத் தயங்காமல் சொல்லுங்கள். சாயத்தில் செய்த மை வேறு, நிறத்துகளில் செய்த மை வேறு. துகள் மை தாளின் நாருக்குள் போய் உட்கார்ந்துவிடும். தண்ணீர் பட்டாலும், அசிட்டோன் போன்ற திரவம் போட்டுக் காசோலையின் எழுத்தை அழிக்க நினைத்தாலும் எளிதில் போகாது. 2015 நவம்பர் வெள்ளத்தில் குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் எத்தனை வீடுகளில் தண்ணீர் புகுந்தது என்று உங்களுக்கே தெரியும். சங்கக் கணக்கு நோட்டோ, கடன் பத்திரமோ எழுதுகிறவர் உங்கள் கடையில் பேனா கேட்டால் யூனிபால் சிக்னோ போன்ற துகள் மைப் பேனாவைக் காட்டுங்கள். விலை கூடத்தான். மலிவு ஜெல் பேனாவில் எந்த மை என்று பெட்டியில் போட்டிருக்க மாட்டார்கள். ஒரு வரி எழுதி, ஒருநாள் காயவிட்டு, மேலே இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கரைந்து ஓடினால் சாயம், நின்றால் துகள். காசோலையில் கறுப்பு மை கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டதாக ஒரு வாட்ஸாப் செய்தி சுற்றியது, அது பொய். கறுப்பில் தாராளமாக எழுதலாம்.

எந்தப் பேனாவை வாங்கி வைப்பது என்று கேட்டீர்கள். பத்து வகை வைப்பதைவிட மூன்று வகை போதும். பிள்ளைகளுக்கு ஒரு 0.5 ஜெல், கண்டிப்பாகக் கடையிலேயே ரீஃபில் கிடைக்கும் ரகமாக. உடம்பு நன்றாக இருக்கும்போது முழுப் பேனாவையும் குப்பையில் போடுவது காசுக்கும் கேடு, நம் மண்ணுக்கும் கேடு. அடுத்து ஒரு கறுப்பு, நீலப் பால்பாயிண்ட். மூன்றாவதாக விலை கூடிய நல்ல ஜெல் கொஞ்சம். முனையில் ஊசி, கூம்பு என்று இரண்டு உண்டு. நீளமாக ஊசி போல் நிற்பது ஸ்கேல் வைத்துக் கோடு போட அருமை, ஆனால் விழுந்தால் வளையும். ஆறாவது, ஏழாவது படிக்கும் பிள்ளைகளுக்குக் கூம்பு முனையே நல்லது. இடதுகைக்காரப் பிள்ளை வந்தால், எழுதின வரியின் மேலேயே கை நகர்வதால் மை பூசிக்கொள்ளும் என்று தெரிந்து, பென்டெல் எனர்ஜெல் போலச் சீக்கிரம் காயும் மையைக் காட்டுங்கள். அந்தப் பிள்ளைகளை யாரும் கவனிப்பதில்லை, நீங்கள் கவனித்தால் உங்கள் கடையை விட்டுப் போகமாட்டார்கள்.

மாற்றிக் கொடுக்கும் விஷயத்தில், விளிம்பு நசுங்கிய பேனாவுக்குப் புதுப் பேனா கொடுக்க வேண்டாம். கேமராவில் அந்த நசுங்கலைப் பிள்ளைக்கே காட்டி, ரீஃபில் மட்டும் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்த பேனாவைப் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள். விளிம்பு சுத்தமாக இருந்தும் எழுதாதவற்றை, எந்தப் பெட்டி, எந்த மாதத்துச் சரக்கு என்று ஒரு சீட்டில் எழுதித் தனி டப்பாவில் போட்டுவையுங்கள். ஒரே பெட்டியிலிருந்து நாலைந்து சேர்ந்துவிட்டால், சரக்கு போடுகிறவர் அடுத்த முறை வரும்போது டப்பாவோடு எடுத்து மேசையில் வையுங்கள். அதே கேமராவில் அவருக்கும் முனையைக் காட்டி, அந்தப் பெட்டிக்கு மாற்றுச் சரக்கோ கழிவோ கேட்டு வாங்குங்கள். தயங்கினால், பில்லோடு சேர்த்து நிறுவனத்துக்கே ஒரு கடிதம் எழுதிப் போடுங்கள். வாடிக்கையாளர் குறை தெரிவிக்க வேண்டிய முகவரி பெட்டியின் மேலேயே இருக்கும்.